சிறப்புத் தேவையுள்ள பிள்ளை வளரும் வீடு: குமரி மாவட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

என் மகளுக்கு இப்போது 19 வயது. அறிவுசார் குறைபாடும் வலிப்பும் உண்டு. தக்கலை பக்கம் இருக்கிறோம். அவளை வளர்த்த காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவிலும், கலெக்டர் ஆபீஸ் வாசலிலும், கல்யாணப் பந்தியிலும் மற்ற அம்மா அப்பாக்கள் என்னிடம் கேட்டவையும், நான் அவர்களிடம் கேட்டவையும்தான் கீழே இருக்கின்றன. நான் மருத்துவர் இல்லை. மருந்தைப் பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது. வீடு, காகிதம், ஊர் இந்த மூன்றைப் பற்றியும் பேசலாம் என்றுதான் எழுதுகிறேன். பிள்ளையை ஊர் அறிய வளர்க்க வேண்டும் என்பது என் கட்சி. பல பதில்கள் சுற்றிச்சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆகப்போகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. "அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்கிறார் மாமியார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

வேண்டாம், கொண்டுபோய்க் காட்டுங்கள். மாமியார் சொல்வது சரியாகவே இருக்கலாம். அப்படியானால் ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. சரியில்லை என்றால், காத்திருந்த ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நஷ்டம். மூளை வேகமாக வளரும் முதல் சில வருடங்களில் கொடுக்கும் பயிற்சிக்கு இருக்கும் பலன் பிறகு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? 4 மாதத்தில் தலை நிற்கவில்லை, 9 மாதத்தில் உட்காரவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை அல்லது வேண்டியதை விரல் நீட்டிக் காட்டவில்லை, 2 வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேரவில்லை என்றால் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய், வளர்ச்சி தாமதத்துக்குப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை இந்தப் பரிசோதனை இலவசம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு இந்தத் திட்டத்தைச் சேர்ந்ததுதான்.

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கதவு தட்டினால் திரும்புகிறானே, காது நன்றாகக் கேட்கிறது என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. அதிர்வை உணர்ந்தும் திரும்புவார்கள். சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் பதிலை அளக்கும் பெரா பரிசோதனையில் உண்மை தெரியும். கேட்காத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. சிறு வயதிலேயே, 6 வயதுக்குள் செய்தாக வேண்டும் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தவர்களுக்குத் திருவனந்தபுரம் கிட்டத்தில். அங்கே ஆக்குளத்தில் உள்ள தேசிய பேச்சு, செவிப்புலன் நிறுவனத்துக்கும், மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையத்துக்கும் நம் மாவட்டத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள்.

எதனால் இப்படி ஆனது? யார் செய்த குற்றம்?

யாரும் செய்த குற்றம் இல்லை. இந்தக் கேள்வி பெரும்பாலும் தாயை நோக்கித்தான் வீசப்படுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டவுன் சிண்ட்ரோம் என்பது 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. கரு உருவாகும்போதே நடந்துவிடுகிறது. கர்ப்பத்தில் அம்மா என்ன சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாளா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தாயின் வயது கூடும்போது வாய்ப்பு கூடும். இளம் தாய்மாருக்கும் பிறக்கிறது. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும் என்பதால் எக்கோ பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் கட்டாயம் செய்யுங்கள்.

மூளை முடக்குவாதத்துக்கு "பிரசவம் பார்த்தவர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்ற ஒரே பதிலைத்தான் ஊரில் சொல்வார்கள். பிரசவ நேர மூச்சுத்திணறல் ஒரு காரணம். குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்திலேயே மூளை வளர்ச்சியில் ஏற்படும் மாற்றம், பிறந்த பிறகு முற்றிய மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவையும் காரணங்கள்தான். ஆட்டிசம் தடுப்பூசியால் வருவதில்லை. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டின் லான்செட் கட்டுரையை அந்தப் பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே அடுத்த பிள்ளைக்குத் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள். அம்மை வந்தால் அதுவே மூளையைத் தாக்கலாம்.

மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தில் சிலவகைப் பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு கூடுவது உண்மை. திருமணம் முடிந்துவிட்டது, இனி அதைச் சொல்லிச் சண்டை போட்டுப் பயனில்லை. அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கத்து அம்மாக்கள் கடற்கரை மணலைப் பற்றிக் கேட்பார்கள். அந்த மணலில் மோனசைட் இருப்பதும், அதனால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பதும் உண்மை. இதே போன்ற கேரளக் கடலோரத்தில் டவுன் சிண்ட்ரோம் கூடுதல் என்று 1976இல் ஒரு ஆய்வு சொன்னது. அதன் பிறகு பிறந்த குழந்தைகளை ஏராளமான எண்ணிக்கையில் பரிசோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அப்படிக் கூடுதல் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் காரணம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

வர்ம வைத்தியர் ஒருவர் சரியாக்கித் தருகிறேன் என்கிறார். போகலாமா? ஜெபத்துக்குக் கூட்டிப்போவது தப்பா?

வர்மம் நம் மண்ணின் வைத்தியம். சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் ஆசானிடம் போய் வளர்ந்தவர்கள்தான் நாம். எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்துவிடுவது இறுகிய தசைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூளையில் ஏற்பட்ட மாற்றத்தை அது சரியாக்கிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. போவதானால் இவற்றில் உறுதியாக இருங்கள். மூட்டைப் பலமாக முறுக்கி இழுக்க விடாதீர்கள். மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலகும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. என்ன சேர்ந்தது என்று தெரியாத பஸ்பம், செந்தூரம் கொடுக்காதீர்கள். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கும். "அந்த மாத்திரையை நிறுத்தினால்தான் என் மருந்து வேலை செய்யும்" என்று சொல்பவரிடம் திரும்பப் போகாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சங்கள் கேட்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி ஆட்டிசத்துக்கும் மூளை முடக்குவாதத்துக்கும் அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும்தான் கொடுக்கலாம். ரப்பர் தோட்டத்தை அடகு வைத்துப் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்தப் பணம் அந்தப் பிள்ளையின் பிற்காலத்துக்கு வேண்டிய பணம்.

கோவிலுக்கும் சர்ச்சுக்கும் தாராளமாகக் கூட்டிப்போங்கள். நேர்ச்சை உங்கள் மனசுக்குத் தெம்பு தரும், பிள்ளைக்கும் நாலு பேரைத் தெரியவரும். "பிசாசு பிடித்திருக்கிறது" என்று அடிக்கவோ, பட்டினி போடவோ, கட்டிப்போடவோ சொல்கிற இடமானால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

தெரபிக்கு வாரத்தில் ஒரு நாள்தான் கூட்டிப்போக முடிகிறது. விடிய முன்னே ரப்பர் பால்வெட்டுக்குப் போகணும், அப்புறம் வீட்டு வேலை. தனியாகப் பயிற்சி கொடுக்க எங்கே நேரம்?

தனி நேரம் தேவையில்லை. குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, வீட்டு வேலை எல்லாமே பயிற்சிதான். தெரபிஸ்டிடம் போகும்போது "வீட்டில் நான் எந்த வேலையோடு இதைச் சேர்த்துச் செய்யலாம்?" என்று கேட்டு வாங்கி வாருங்கள்.

எனக்கு மிகவும் உதவிய முறை ஒன்று உண்டு. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கடைசிப் படியை மட்டும் பிள்ளையிடம் விடுவது. சட்டை போடும்போது எல்லாம் நாமே செய்துவிட்டு, கடைசியில் கீழே இழுத்துவிடுவதை மட்டும் அவள் செய்யட்டும். அது கைவந்த பிறகு கடைசி இரண்டு படிகள், அப்புறம் மூன்று. ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தது அவள்தான் என்பதால் உற்சாகம் குறைவதில்லை. மட்டிப்பழம் உரிப்பதை இப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். பாதி உரித்த பழத்தைக் கையில் கொடுத்து ஆரம்பித்தது, இன்று வீட்டில் யாருக்குப் பழம் வேண்டும் என்றாலும் அவளே சீப்பிலிருந்து பிய்த்து உரித்துத் தருகிறாள். மட்டி சின்னப் பழம், தோல் மெல்லியது, பிள்ளைகளின் விரலுக்குத் தோதானது.

கிணற்றடியில் துணி துவைக்கும்போது பிழிய ஒரு முனையைக் கொடுங்கள், கைக்குப் பலம். பயறு உரிப்பது விரலுக்கு நல்லது. சோற்றுத்தட்டு எடுத்து வைக்கும்போது "அப்பாவுக்கு ஒண்ணு, பாட்டாவுக்கு ஒண்ணு" என்று எண்ண வையுங்கள். கழிப்பறைப் பழக்கத்துக்கு, எந்தெந்த நேரத்தில் போகிறான் என்று சில நாள் குறித்து வைத்து, அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். நனைத்துவிட்டால் திட்டாதீர்கள். மாதக்கணக்கில் எடுக்கும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படத்தைக் காட்டியோ சைகையாலோ கேட்கப் பழக்கினால், பிறகு பேசவே மாட்டான் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. கேட்டது கிடைக்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளைதான் மேலும் மேலும் கேட்கும். சோறு, தண்ணீர், பாத்ரூம், போதும், வலிக்கிறது இந்த ஐந்தையும் முதலில் சொல்லிக்கொடுங்கள். வலிக்கிறது என்று காட்டத் தெரிந்துவிட்டால் பாதி அழுகைக்கும் முரண்டுக்கும் காரணம் புரிந்துவிடும்.

வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுகிறோம். ஒரே மொழியில் பேசச் சொல்கிறார்களே?

இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாவதில்லை, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் அப்படித்தான். அம்மூம்மா மலையாளத்தில் கொஞ்சுவதை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது செல்போன். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, ஒரு வயதுக்கு உள்ளே அறவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. திரை திரும்பப் பதில் பேசாது, பாட்டி பேசுவார்.

சாப்பாடு கொடுக்கும்போது அடிக்கடி இருமுகிறான், புரையேறுகிறது.

படுக்க வைத்து ஊட்டுவதை இன்றே நிறுத்துங்கள். முதுகைத் தாங்கி நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை லேசாகக் கீழ்நோக்கி இருக்கும்படி, சின்னக் கரண்டியில் கொடுங்கள். தண்ணீராக இருப்பதைவிடக் கெட்டியாக இருப்பது இவர்களுக்கு விழுங்க எளிது. ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி, மசித்த மட்டிப்பழம், குழைந்த சோறு நல்லது. மீன் கொடுக்கலாம், முள் பார்க்கும் வேலையை ஒரே ஆளிடம் ஒப்படையுங்கள். அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்தால் உணவு மூச்சுக்குழாயில் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் இரும்பு கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். சாவிக்கொத்தும் அரிவாளும் வலிப்பை நிறுத்தாது. தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கடியில் துணி மடித்து வையுங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும் வைக்கக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலும், ஒன்று முடிந்து தெளிவதற்குள் அடுத்தது வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். முடிந்தால் இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். மருத்துவருக்கு நாம் வாயால் விவரிப்பதைவிட அது உதவும்.

மாத்திரை தீரும் வரை இருக்காமல் ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மருந்துகள் பலவற்றைக் கொடுத்தும் கட்டுப்படாத வலிப்புக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் தனி மையமே இருக்கிறது, அறுவை சிகிச்சை பொருந்துமா என்று பார்ப்பார்கள்.

என் மகளைத் தனியே குளிக்க விடுவதில்லை. குளத்துக்கு அனுப்புவதே இல்லை. ஒரு வாளித் தண்ணீர் போதும் ஆபத்துக்கு. குளிமுறிக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம்.

கண் அசந்தால் வீட்டை விட்டு ஓடிவிடுகிறான். என்ன செய்வது?

நம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் ஓடினாலும் குளமோ, கால்வாயோ, ஆறோ, கடலோ இருக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் கொள்ளைப் பிரியம். ஆகவே காணவில்லை என்று தெரிந்ததும் ரோட்டில் தேடுவதற்கு முன் தண்ணீர் உள்ள இடத்துக்குத்தான் முதலில் ஓட வேண்டும். கிணற்றுக்கு வலை போடுங்கள். கதவின் உயரத்தில் இரண்டாவது கொண்டி போடுங்கள். சட்டைக்குள் பெயரும் போன் நம்பரும் தைத்து வையுங்கள்.

இதை எல்லாம்விடப் பலன் தருவது அக்கம்பக்கத்தாரின் கண். டீக்கடை, ரேஷன் கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பக்கத்து விளையில் வேலை செய்பவர்கள் எல்லாரிடமும் பிள்ளையைக் கூட்டிப்போய், "இவன் இன்னார் மகன், பேச மாட்டான், தனியாகப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஒரு போன் போடுங்க அண்ணா" என்று சொல்லி வையுங்கள். ஒளித்து வளர்த்த பிள்ளை ரோட்டுக்கு வந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்றே யாருக்கும் தெரியாது.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் முத்திரை குத்தியது போல ஆகிவிடாதா? மூத்தவளுக்குக் கல்யாணம் பார்க்க வேண்டுமே?

இந்தப் பயத்தில் வருடக்கணக்காக வாங்காமல் இருப்பவர்கள் நிறைய. சான்றிதழ் பீரோவில் இருக்கப் போகிறது, யாரும் நெற்றியில் ஒட்டப் போவதில்லை. பிள்ளையை மறைத்து முடித்த சம்பந்தம் பிறகு தெரியவரும்போதுதான் மூத்தவளுக்குக் கஷ்டம். பெண் பார்க்க வரும் நாளில் இளையவளையும் நல்ல உடுப்பு உடுத்தி கூடத்தில் உட்கார வையுங்கள். அதைப் பார்த்து எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. முன்பு 1995 சட்டத்தில் 7தான். ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு எல்லாம் இப்போது உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். விண்ணப்பத்தை இணையத்தில் போட்டு, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்ட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும். சின்னக் குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், காலாவதித் தேதியைக் குறித்து வையுங்கள். சான்றிதழ் முகாமுக்குப் போகும்போது பிள்ளைக்குப் பசிக்குமுன் கொடுக்கச் சாப்பாடும், அவனுக்குப் பிடித்த ஒரு பொருளும் கையில் இருக்கட்டும். வரிசை நீளும்.

இந்தக் காகிதம் கையில் இருந்தால் நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு, தசைச் சிதைவு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. சக்கர நாற்காலி, காலணி, காதுக்கருவி கேட்பதும் அங்கேதான். வருமான வரி கட்டுபவராக இருந்து பழைய வரிமுறையில் இருந்தால் 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாயும் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

எந்தப் பள்ளியில் சேர்ப்பது? சாதாரணப் பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா?

குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இலவசமாகப் படிக்கும் உரிமையை 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு தருகிறது. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது.

என் அபிப்பிராயம், முடிந்தவரை ஊர்ப் பள்ளியில் ஆரம்பியுங்கள். எழுத்து வராவிட்டாலும் வரிசையில் நிற்பது, சோறு வாங்குவது, கூட்டாளியின் பெயர் சொல்வது வரும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார், அவர் எந்த நாளில் வருகிறார் என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு அன்று போய்ப் பாருங்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது. கடுமையான பாதிப்பு என்றாலோ, ஊர்ப் பள்ளியில் பிள்ளை மூலையில் சும்மா உட்கார வைக்கப்பட்டாலோ சிறப்புப் பள்ளி நல்லது.

என் மகளை ஒரு பள்ளியில் "மற்ற பெற்றோர் ஆட்சேபிப்பார்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதை எழுத்தில் தரச் சொன்னோம். எழுதித் தரவில்லை, சேர்த்துக்கொண்டார்கள். வாய்ச்சொல்லாக மறுப்பது எளிது, எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களும் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு. 10ஆம் வகுப்பு தொடங்கும்போதே விண்ணப்பிக்கப் பள்ளியிடம் கேளுங்கள், தேர்வு நெருங்கிய பிறகு ஓடாதீர்கள்.

பஸ், ரயில் சலுகை?

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் இலவசம். ரயிலில், துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசியில் 75 சதவீதம் குறையும். நாகர்கோவிலும் குழித்துறையும் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் கோட்டத்தில் வருபவை, ரயில்வே சலுகை அட்டை விஷயமாக மதுரைக்கு அலைய வேண்டாம்.

கோவில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாணம் என்றால் மைக் சத்தத்துக்கும் வெடிக்கும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். வீட்டிலேயே விட்டுப் போகலாமா?

தோவாளை முதல் கொல்லங்கோடு வரை வருடம் முழுக்க ஏதாவது ஒரு ஊரில் ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அதற்குப் பயந்தால் பிள்ளை வெளியே வரவே முடியாது. கூட்டிப்போகும் விதத்தை மாற்றுங்கள். மண்டைக்காட்டுக்கு மாசிக்கொடை நாளில் போகாமல் அதற்கு முந்தைய வாரத்தில் ஒரு காலையில் போங்கள், இடம் பழகட்டும். கல்யாணத்துக்கு முதல் பந்திக்கே போய்விட்டு, நாதஸ்வரமும் மைக்கும் உச்சத்துக்குப் போகுமுன் கிளம்புங்கள். காதை மூடும் ஹெட்போன் வாங்கி வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள். கிறிஸ்துமஸ் கேரல் குழு நடுராத்திரியில் டிரம் அடித்துக்கொண்டு வருமுன், சபையில் சொல்லி வைத்தால் உங்கள் வாசலில் டிரம் இல்லாமல் பாடுவார்கள். எங்கள் தெருவில் சொன்னோம், செய்தார்கள். கேட்டால் செய்பவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

வீட்டுக்காரர் கல்ஃபில். எல்லாம் நான் ஒருத்திதான். சில நாள் செத்துவிடலாம் போல இருக்கிறது.

இதை வாய்விட்டுச் சொன்னது நல்லது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தால் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. பேசிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடமும் சொல்லுங்கள். இது உங்கள் பலவீனம் இல்லை. தூக்கம் இல்லாமல், மாற்று ஆள் இல்லாமல் யாரால் தாங்க முடியும்?

நம் மாவட்டத்தில் இது தனித்த பிரச்சினை. அப்பா கல்ஃபில், அல்லது தூத்தூர் பக்கம் என்றால் வாரக்கணக்கில் ஆழ்கடலில். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் அண்டியாபீஸிலோ தோட்டத்திலோ வேலை செய்துவிட்டு வந்து மீதி எல்லாவற்றையும் செய்கிறாள். உங்கள் அம்மாவிடமோ மயினியிடமோ (அண்ணியிடமோ) "உதவி வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. "சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நீங்க பார்த்துக்கணும்" என்று குறிப்பாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலை செய்யாதீர்கள், தூங்குங்கள். அப்பா வீடியோ காலில் தினமும் ஒரே நேரத்தில் வந்து பிள்ளைக்கு ஒரு கதையாவது சொல்லட்டும். பணம் அனுப்புவது மட்டும் அவர் கடமை இல்லை என்று அவருக்கும் தெரியும், எப்படிச் செய்வது என்றுதான் பலருக்குத் தெரிவதில்லை.

படுக்கையிலேயே இருக்கும் பிள்ளை என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மகள் வயதுக்கு வந்துவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

செய்யாதீர்கள். ஒருவரின் சுதந்திரமான, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் குழந்தை பெற முடியாமல் ஆக்கும் சிகிச்சை எதற்கும் உட்படுத்தக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. மேலும், எடுத்துவிட்டால் அத்துமீறல் நின்றுவிடாது, வெளியே தெரியாமல் போகும். அதுதான் பெரிய ஆபத்து.

நாப்கின் மாற்றுவதை நான் முதலில் சிவப்பு மை தொட்ட நாப்கினை வைத்து மாதவிடாய் வருமுன்னே காட்டிப் பழக்கினேன். படி படியாகத்தான், சட்டை போடப் பழக்கிய அதே முறையில். சடங்கு வைப்பதும் வைக்காததும் உங்கள் இஷ்டம். மற்ற பிள்ளைகளுக்கு வைக்கும் வீடு என்றால் இவளுக்கும் வையுங்கள்.

உடம்பில் எங்கே யார் தொடலாம், தொடக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள், மகனுக்கும்தான். பத்து வயது தாண்டிய பிள்ளையை மாமாமார் மடியில் இருத்திக் கொஞ்சுவதை நிறுத்துங்கள், இவர்கள் குழந்தைகளாகவே இருப்பார்கள் என்ற நினைப்பில்தான் எல்லை தவறுகிறது. ஏதாவது நடந்திருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். பேச முடியாத பிள்ளைக்கும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும், வாக்குமூலம் வாங்கச் சிறப்பாசிரியர் துணையைக் கேட்கலாம்.

நமக்குப் பிறகு யார் பார்ப்பார்கள்?

எல்லாரும் கடைசியில் கேட்பது இதைத்தான். சட்டப்படி செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். 18 வயது முடிந்ததும் பெற்றோர் இயல்பான பாதுகாவலர் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு சட்டப் பாதுகாவலரை நியமிக்கிறது. நீங்களே விண்ணப்பிக்கலாம். இதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேரும், முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை.

அப்பா அம்மாவில் ஒருவர் அரசு ஊழியர் என்றால், சம்பாதிக்க இயலாத பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பணியில் இருக்கும்போதே பதிவேட்டில் பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் போன பிறகு அண்ணன் தம்பி இதற்காக அலைவது மிகக் கடினம். சொத்தை நேரடியாகப் பிள்ளை பெயரில் எழுதிவிட்டால் அதை யார் நிர்வகிப்பது என்ற சிக்கல் வரும். உயிலில் பொறுப்பாளரைக் குறிப்பிட்டோ, தனியார் அறக்கட்டளை ஏற்படுத்தியோ எழுத வக்கீலிடம் பேசுங்கள்.

கூடப் பிறந்தவர்தான் பார்த்துக்கொள்வார் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம், அவரிடம் கேட்பதில்லை. என் மகனிடம் நாங்கள் கேட்டோம். பணமும் காகிதமும் நான் பார்த்துக்கொள்கிறேன், தினசரி பராமரிப்பு என்னால் முடியுமா என்று தெரியவில்லை என்றான். அந்த நேர்மைக்கு நன்றி சொன்னோம். அதை வைத்துத்தான் இப்போது திட்டமிடுகிறோம். சித்தி வீட்டில் மாதம் ஒரு இரவு அவள் தங்குகிறாள், என் கை இல்லாமல் சாப்பிடவும் தூங்கவும் பழகுகிறாள். மாத்திரை நேரம், பிடித்தது, பயப்படுவது, வலித்தால் எப்படிக் காட்டுவாள் என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்படிப் பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டில் இருக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பிள்ளையிடம் நேராகப் பேசுங்கள். அம்மாவிடம் "இவனுக்கு என்ன?" என்று கேட்பதற்கு முன் அவனிடம் "உன் பேர் என்ன மக்கா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. கல்யாணத்துக்கு அழைக்கும்போது அவன் பெயரையும் சொல்லி அழையுங்கள். யார் சொன்ன வைத்தியத்தையும் கொண்டுவர வேண்டாம், அவர்கள் எல்லாம் பார்த்திருப்பார்கள். ஆஸ்பத்திரி நாளில் இன்னொரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர முடியுமா என்று கேளுங்கள்.